ஒரே கைத்துப்பாக்கியில் மூன்று வகைத் தோட்டாக்கள்: பேரலை மாற்றிப் பொருத்தும் முறை

ஒரு கைத்துப்பாக்கி எந்த அளவுத் தோட்டாவைச் சுடும் என்பதைப் பேரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. தோட்டா அமர்ந்து வெடிக்கும் சேம்பரும் குண்டு கடந்து செல்லும் துளையும் பேரலில் இருக்கின்றன. தோட்டாவின் அடிப்பாகம் சாய்ந்து நிற்கும் பின்முகப்பும் சுட்டபின் உறையைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும், சுடும்போது பின்னும் முன்னும் நகரும் மேற்பாகமான ஸ்லைடில் இருக்கின்றன. தோட்டாவைச் சரியான உயரத்திலும் கோணத்திலும் ஏந்தித் தரும் வேலை மேகசினுடையது. மாற்றுப் பேரல் வாங்கும்போது இவற்றில் முதலாவதை மட்டுமே மாற்றுகிறோம். மற்ற இரண்டும் புதிய தோட்டாவுக்கு ஒத்துப்போகுமா என்பதைக் கணித்துக்கொண்ட பிறகே பணத்தைச் செலவிட வேண்டும்.

அமெரிக்காவில் இந்த மாற்றம் பெரும்பாலும் .40 எஸ் அண்டு டபிள்யூ (0.40 அங்குலக் குண்டு கொண்டது, சுருக்கமாக .40) தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளில்தான் நடக்கிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஏப்ரலில் மயாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இரண்டு அலுவலர்கள் கொல்லப்பட்டதையடுத்து, 9 மி.மீ. தோட்டாவைவிட வலுவான ஒன்றை அந்த அமைப்பு தேடத் தொடங்கியது. முதலில் 10 மி.மீ. ஆட்டோ தோட்டா பரிசீலிக்கப்பட்டது. அதன் உறையைச் சுமார் 25 மி.மீ. நீளத்திலிருந்து 21.6 மி.மீ. ஆகக் குறுக்கி, ஸ்மித் அண்டு வெஸ்ஸன், வின்செஸ்டர் ஆகிய நிறுவனங்கள் 1990-இல் கொண்டுவந்ததே .40. அதே ஆண்டில் வெளிவந்த, .40 தோட்டாவைச் சுடும் க்ளாக் 22 கைத்துப்பாக்கி அமெரிக்கக் காவல் துறைகளில் பரவலாக இடம்பிடித்தது. பின்னாளில் 9 மி.மீ. குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டதால் காற்று திரும்பியது; 2016-இல் எஃப்பிஐயே மீண்டும் 9 மி.மீ. க்ளாக்குகளுக்கு ஒப்பந்தம் செய்தது. காவல் துறைகள் கழித்துவிட்ட .40 துப்பாக்கிகள் குறைந்த விலையில் பொதுச் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்கள், விலை குறைந்த 9 மி.மீ. தோட்டாவையும் அதிலேயே சுட இயலுமா என்று கேட்கத் தொடங்கியது இயல்பே.

இயலும். .40 தோட்டாவின் அடிவிளிம்பு சுமார் 10.8 மி.மீ. விட்டமுடையது, 9 மி.மீ. தோட்டாவினுடையது சுமார் 10 மி.மீ. ஆகவே .40-க்கென அமைந்த பின்முகப்பில் 9 மி.மீ. தோட்டாவின் அடிப்பாகம் சிறிது தளர்வாகவேனும் அமர்ந்துகொள்ளும். எதிர்த்திசையில் இது நடக்காது: 9 மி.மீ. ஸ்லைடின் பின்முகப்பு குறுகலானது, அதன் முன்துளையும் சிறியது, அதில் .40 பேரலைப் பொருத்தவே முடியாது. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கலாம், சிறியதிலிருந்து பெரியதற்கு ஏற முடியாது என்பது வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விதி. இதை அறியாமல் 9 மி.மீ. துப்பாக்கியான க்ளாக் 17 வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவோர் உண்டு.

.40-இலிருந்து .357 சிக் தோட்டாவுக்கு மாறுவதுதான் எல்லாவற்றிலும் எளிது. சிக் சாயர் நிறுவனமும் ஃபெடரல் தோட்டா நிறுவனமும் 1994-இல் அறிமுகப்படுத்திய இத்தோட்டா, .40 உறையைப் போன்ற அடிப்பாகமும், 9 மி.மீ. குண்டைப் பிடிக்கும் அளவுக்குக் குறுகிய கழுத்தும் கொண்டது. அடிவிளிம்பு ஒரே அளவானது என்பதால் எக்ஸ்ட்ராக்டர் மாறுவதில்லை; .40 மேகசினே போதும். பேரலை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அமெரிக்கத் தரநிலைப்படி .40 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என்றால், .357 சிக்கினுடையது 40,000 பவுண்டு. ஓசையும் குழல்வாயில் தெறிக்கும் சுடரும் மிகுதி. தோட்டாவின் விலையும் மிகுதி. பயிற்சிக்கு மட்டும் சுடுபவருக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9 மி.மீ. மாற்றத்தில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. க்ளாக் 17-இன் அசல் பேரலைக் க்ளாக் 22-இல் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. அசல் 9 மி.மீ. பேரலின் வெளிவிட்டம் .40 ஸ்லைடின் துளைக்குச் சிறியது என்பதால் அது ஆடும், பூட்டு இறுகாது. மாற்றத்துக்கென்றே தயாரிக்கப்படும் பேரல், வெளியே .40 பேரலின் அளவும் உள்ளே 9 மி.மீ. சேம்பரும் துளையும் உடையது. லோன் உல்ஃப், கேகேஎம், பார்ஸ்டோ போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்துவருகின்றன. வாங்கும்போது துப்பாக்கியின் மாதிரி எண்ணுடன் தலைமுறையையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாம், நான்காம் தலைமுறை க்ளாக்குகளுக்கான பேரல் ஐந்தாம் தலைமுறையில் பொருந்தாது. மேகசினும் 9 மி.மீ.க்கு உரியதாக இருக்க வேண்டும். க்ளாக் 22-இன் கைப்பிடியில் க்ளாக் 17-இன் பதினேழு தோட்டா மேகசின் தடையின்றி நுழையும். .40 மேகசினில் 9 மி.மீ. தோட்டாவை நிரப்பினால் சில வேளைகளில் ஓடும், சில வேளைகளில் சிக்கும். அந்தச் சிக்கனம் வேண்டாம். எக்ஸ்ட்ராக்டரையும், உறையை வெளியே தட்டிவிடும் எஜெக்டரையும் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. உறைகள் சுடுபவரின் முகத்தை நோக்கி எறியப்பட்டாலோ, திறப்பில் அடிக்கடி சிக்கினாலோ, அப்போது 9 மி.மீ. எஜெக்டரைப் பொருத்திப் பார்க்கலாம்.

.22 தோட்டாவுக்குப் பேரல் மட்டும் போதாது. அதன் வெடிமருந்துத் தூண்டி அடிப்பகுதியின் நடுவில் இல்லாமல் விளிம்பில் இருப்பதால் ஊசி வேறிடத்தில் குத்த வேண்டும். அதன் சிறிய விசை கனமான ஸ்லைடைப் பின்தள்ளவும் போதாது. ஆகவே அதற்கு இலகுவான ஸ்லைடும் மேகசினும் சேர்ந்த முழுத் தொகுப்பாகவே வாங்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் துப்பாக்கியின் பிரேமையே, அதாவது மற்ற பாகங்கள் பொருந்தும் அடிச்சட்டத்தையே, துப்பாக்கியாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் பேரல் வாங்குமுன் அவரவர் மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நிலை முற்றிலும் வேறு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உதிரிபாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது, 9 மி.மீ. அங்கே தடைசெய்யப்பட்ட அளவு. இங்கே எழுதுவதை அங்கே செய்து பார்க்கக் கூடாது.

இனி பொருத்தும் முறை. வேலை செய்யும் அறைக்குள் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேகசினை முதலில் கழற்றி, பிறகே ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், ஸ்லைடை விடும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். க்ளாக்கைப் பிரிக்க விசையை (டிரிகரை) இழுத்தே ஆக வேண்டும் என்பதால் இந்தச் சோதனையில் சோம்பல் காட்டுவது உயிருக்கே ஆபத்து. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்தே விசையை இழுக்க வேண்டும். பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து, இருபுறமும் உள்ள ஸ்லைடு பூட்டைக் கீழே அழுத்திப் பிடித்தால், ஸ்லைடு முன்பக்கமாகக் கழன்று வரும். பேரலுக்கு அடியில் உள்ள ரீகாயில் ஸ்பிரிங்கைச் சற்று முன்னுக்கு அழுத்தி எடுத்துவிட்டு, பேரலின் பின்பகுதியை உயர்த்தி வெளியே எடுக்கலாம். புதிய பேரலில் ஒட்டியிருக்கும் தயாரிப்பு எண்ணெயைத் துடைத்து, உராயும் இடங்களில் மட்டும் துளி எண்ணெய் விட்டு, அதே வழியில் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்.

சுடும் இடத்துக்குச் சென்றபின், பேரலைத் தனியே கையில் பிடித்து, தோட்டா ஒன்றைச் சேம்பருக்குள் நழுவவிட்டுப் பாருங்கள். அது டக்கென்று முழுதாக அமர்ந்து, தலைகீழாகப் பிடித்தால் தானே விழ வேண்டும். மாற்றுப் பேரல்களின் சேம்பர் பெரும்பாலும் அசலைவிட இறுக்கமாக இருக்கும். ஒட்டி நின்றால் அந்தத் தோட்டா இந்தப் பேரலுக்கு ஏற்றதன்று. கண்ணாடியும் காதுக்காப்பும் அணிந்து, முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுட்டு, வெளிவந்த உறையில் வீக்கமோ விரிசலோ உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்து இரண்டு, பிறகு ஐந்து, அதன்பின் முழு மேகசின். வலுக்குறைந்த பயிற்சித் தோட்டாக்கள் .40 ஸ்லைடை முழுதாகப் பின்தள்ளாமல் போகலாம். வேறு வகைத் தோட்டாவை முயன்று பார்த்த பிறகே பேரலைக் குறை சொல்லுங்கள். குண்டு படும் இடமும் சற்று மாறியிருக்கும் என்பதால் குறிகாட்டியைப் புதிதாகச் சோதிக்க வேண்டும். தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் அசல் பேரலே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் சரியாகச் செய்தவரையும் வீழ்த்தக்கூடியது தோட்டாக் கலப்படம். .40 தோட்டா 9 மி.மீ. சேம்பருக்குள் நுழையாது, ஆனால் .40 பேரல் இருக்கும்போது 9 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், எக்ஸ்ட்ராக்டர் பிடித்துக்கொண்டால் வெடித்தும்விடும். சேம்பர் சுவரின் தாங்கலில்லாத உறை கிழிந்து, சூடான வாயு பின்னுக்கு வரும். ஆகவே ஒரு பயிற்சிக்கு ஒரே அளவுத் தோட்டாவை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மற்றொரு பேரலும் அதன் தோட்டாவும் மேகசினும் வீட்டிலேயே ஒரே பெட்டிக்குள் பூட்டியிருக்கட்டும். மேகசின்களின் அடியில் அளவுக்கு ஒரு நிறமாக வண்ணம் பூசி வையுங்கள். பேரலின் மீது பொறித்திருக்கும் அளவு, ஸ்லைடின் திறப்பு வழியாக வெளியே தெரியும். மேகசினைச் செருகுமுன் அதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள்.