தோட்டத்தில் துப்பாக்கி எடுப்பவர்கள் காது விஷயத்தில் செய்யும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் தமிழ் பேசும் விவசாயிகள் அதிகம். காட்டுப்பன்றியால் நிலக்கடலையும் மரவள்ளியும் படும் பாட்டை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மட்டும்தான். ஆக, இரவில் தோட்டத்துக்குள் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி வெடிப்பது இங்கே புதிதல்ல. சுடுபவரின் காதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

“ரெண்டே வெடிதானுங்க, காதுக்கு என்ன ஆயிடப் போவுது?” என்பதுதான் முதல் தவறு, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதும் இதுதான். ஆலைச் சத்தம் பல வருடம் கேட்டுக் கேட்டுக் காதைத் தேய்க்கும். துப்பாக்கிச் சத்தம் அப்படியில்லை. 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டினால் ஒரே வெடி போதும், உள்காதில் உள்ள நுண்ணிய முடிச் செல்கள் சாகலாம். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் சத்தம் பொதுவாக 150 டெசிபலுக்கு மேல். செத்த செல் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள், 4000 ஹெர்ட்ஸ் சுற்று வட்டாரம். அதனால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. குழந்தையும் பெண்களும் பேசுவது பாதி விளங்காமல் போகும், ச, ஸ போன்ற ஒலிகள் நழுவும், “எல்லாரும் முணுமுணுக்கறாங்க” என்று தோன்றும். நீள்துப்பாக்கியை வலத் தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக் காதுதான் அதிகம் அடிபடும். குழல் வாய்க்கு நேராக இருப்பது அந்தக் காது, வலக் காதைத் தலை மறைத்துக்கொள்கிறது.

இதைச் சொன்னால் சில இளைஞர்கள் உடனே சைலன்சர் பக்கம் போகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் 9 எம்எம் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிக்குப் போட்டுக் காட்டுகிறார்களே, அது இங்கே கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது, தேடவும் வேண்டாம். வெடிச் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவிகளை நம் நாட்டு ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. அதோடு, சினிமாவில் காட்டுவது போல் அது சத்தத்தை முழுங்கிவிடாது. நல்ல சைலன்சர் குறைப்பது சுமார் 20 முதல் 35 டெசிபல். தோட்டா ஒலியை விட வேகமாகப் போனால், அதாவது நொடிக்குச் சுமார் 343 மீட்டரைத் தாண்டினால், காற்றைக் கிழிக்கும் ‘பட்’ சத்தம் தனியாக வந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அந்த ஊர்க்காரர்கள் 147 கிரெயின் (தோட்டாவின் எடை அளவு) மாதிரி கனமான, மெதுவான தோட்டாவைத் தேடுகிறார்கள். அத்தனையும் செய்த பிறகும் பயிற்சிக் களத்தில் பெரும்பாலும் காதுக் கவசம் போட்டுக்கொள்ளத்தான் சொல்வார்கள். நமக்குச் சட்டப்படி திறந்திருக்கும் வழியும் அதுதான். அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்போம்.

பஞ்சை உருட்டிக் காதில் வைப்பது கவசமில்லை, துப்பாக்கி முன்னால் அது வைத்தும் வைக்காதது மாதிரிதான். சத்தம் குறைக்கும் ப்ளூடூத் ஹெட்போனும் அப்படியே. விமானம், ஏசி மாதிரி தொடர்ந்து வரும் இரைச்சலுக்குச் செய்தது அது, கண் இமைக்கும் முன் முடியும் வெடிக்கு இல்லை.

கடையில் ஃபோம் இயர்பிளக் மிக மலிவு, வேலையும் நன்றாகச் செய்யும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் அதைக் காது வாசலில் சொருகிவிட்டு விடுகிறார்கள் என்று என் கண்ணுக்குப் படுகிறது. பிளக்கை மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், அப்போதுதான் துளை நேராகும். உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக இருந்தால் உங்கள் குரலே உள்ளுக்குள் கனத்துக் கேட்கும். எதிரே நிற்பவருக்குப் பிளக்கின் பெரும்பகுதி வெளியே தெரிந்தால் எடுத்து மறுபடி போடுங்கள்.

இயர் மஃப், அதாவது காதை முழுசாக மூடும் கிண்ணக் கவசம், வாங்குபவர்கள் அட்டையில் உள்ள என்ஆர்ஆர் எண்ணை (எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்டுவது) அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது ஆய்வகத்தில் கிடைத்த எண். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையினர் ஆலைச் சத்தத்துக்குக் கணக்குப் போடும்போது அதில் 7 கழித்து மீதியைப் பாதியாக்குவார்கள், 29 என்று போட்டிருந்தால் 11 என்று வரும். வெடிக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், அட்டையில் உள்ளது முழுசாகக் கிடைக்காது என்பது நிச்சயம். மஃபின் மெத்தை தோலோடு ஒட்டினால்தான் பலன். பனிக்காக மப்ளர் சுற்றி, அல்லது தலையில் தோர்த்துத் துண்டு கட்டி, அதன் மேல் மஃப் மாட்டினால் இடைவெளியில் சத்தம் தாராளமாக நுழையும். தடித்த மூக்குக்கண்ணாடிக் காம்பும் அப்படித்தான். துணி வெளியே, மஃப் உள்ளே.

பிளக், மஃப் இரண்டும் சேர்த்துப் போடுவது நல்ல பழக்கம். இரண்டின் எண்ணையும் கூட்டிப் பார்க்காதீர்கள், கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5 டெசிபல்தான். ஆனால் ஒன்று நழுவினாலும் மற்றது காப்பாற்றும்.

இரவு வேலைக்கு எலக்ட்ரானிக் மஃப் ரொம்ப உபயோகம், பணம் கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் சொல்வேன். கூட வந்தவர் எங்கே நிற்கிறார் என்று காதில் விழாமல் துப்பாக்கி தூக்குவது ஆபத்து. பலர் கவசத்தைக் கழற்றி வைப்பதே அதனால்தான். இந்த மஃப் பேச்சையும் சருகுச் சத்தத்தையும் உள்ளே விடும், வெடி வந்த கணம் ஒலிபெருக்கியை அடக்கிவிடும். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண மஃபாக இருக்க வேண்டும், அதற்கு அட்டையில் என்ஆர்ஆர் எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணே போடாமல் விற்பது பொம்மை.

டார்ச் பிடிப்பவரை மறந்துவிடுகிறோம். பக்கவாட்டில், சில நேரம் குழல் வாய்க்குச் சற்று முன்னால் நிற்பவருக்கு, சுடுபவரை விடச் சத்தம் கூடுதலாக அடிக்கும். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை ஜோடி கவசம் வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பையன்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 120 டெசிபல்தான். நென்மாறை வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவெடிக்குத் தோளில் குழந்தையைத் தூக்கிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அப்புறம், வெடித்த பிறகு காதில் ‘ங்ஙொய்’ என்று கேட்டால் “காலையில சரியாயிடும்” என்று படுத்துவிடாதீர்கள். அன்று அதற்கு மேல் சுட வேண்டாம். மறுநாளும் இரைச்சலோ அடைப்போ இருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரெனக் காது கேட்பது குறைந்தால் தரும் ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும், வாரங்கள் கழிந்தால் வாய்ப்புக் குறையும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். போகும்போது ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்து ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடம் எடுப்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.