புறணியை நிறுத்த ஒரு கேள்வி

திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதோ அன்பியக் கூட்டத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) அப்புறம் டீ குடிக்கும்போதோ யாராவது "விஷயம் தெரியுமா, அந்த வீட்டுப் பொண்ணு..." என்று ஆரம்பித்தால், "இதை அவங்ககிட்டயே கேட்டீங்களாக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுங்கள். புத்திமதி தொனி மட்டும் வேண்டாம்.

பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் கேட்டிருக்கவே மாட்டார்கள். மத்தேயு 18:15 சொல்வதும் இதுதான், சகோதரர் தவறு செய்தால் முதலில் தனியே அவரிடமே போய்ப் பேச வேண்டும். "நடந்தது உண்மைதானே" என்பார்கள்; உண்மையாகவே இருந்தாலும், தக்க காரணமில்லாமல் ஒருவருடைய குறையை அது தெரியாதவரிடம் சொல்வது அவர் நற்பெயரைக் கெடுக்கும் குற்றம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2477-ஆம் பத்தியில் தெளிவாக இருக்கிறது. பொய்யைச் சேர்த்தால் அது அவதூறு, அதற்குத் தனிக் கணக்கு.

ஆனால் குழந்தைக்கு ஆபத்து, வீட்டில் அடி உதை, சங்கப் பணத்தில் கைவைப்பு என்றால் இப்படிக் கேட்டு யார் வாயையும் அடைக்காதீர்கள். அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும், போலீஸ் உட்பட. கல்யாண ஓலை, அதாவது இன்னார்க்கும் இன்னார்க்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, கோயிலில் வாசிக்கும்போது தடை ஏதும் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சரி, பங்குத்தந்தையிடம் சொல்வது கடமை.