மிஸிர் வொட்டும் இஞ்செராவும்: வீட்டில் செய்யும் முறை

எத்தியோப்பிய வைதீகத் திருச்சபையினர் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பதால், இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் சேராத மிஸிர் வொட் என்னும் மைசூர் பருப்புக் குழம்பையும், புளித்த மாவில் சுடும் இஞ்செராவையும் அந்நாட்களில் விரும்பி உண்கிறார்கள். எத்தியோப்பியச் சமையலைப் புதிதாகக் கற்பவர்கள் கோழிக் குழம்பான தோரோ வொட்டைவிட இதிலிருந்து தொடங்குவதே எளிது.

முதலில் இஞ்செராவுக்கு, கடுகைவிடச் சிறிய தானியமான டெஃப்பின் மாவு 2 கப் எடுத்து, 3 கப் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, துணியால் மூடி 2 அல்லது 3 நாட்கள் வெளியே வையுங்கள். வெயில் காலத்தில் 2 நாளே போதும். மேலே தெளிந்து நிற்கும் பழுப்பு நீரை வடித்துவிடுங்கள்; எர்ஷோ எனப்படும் அந்நீரில் சிறிது எடுத்துவைத்தால் அடுத்த முறை மாவு விரைவில் புளிக்கும். பூஞ்சை படிந்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது, அவசரத்தில் பலர் விட்டுவிடும் அப்ஸித். புளித்த மாவில் அரை கப் எடுத்து, 1 கப் கொதிநீரில் ஊற்றிக் கூழாகும்வரை கிளறி, நன்றாக ஆறியபின் மீதி மாவில் கலந்து, குமிழ் எழும்வரை ஓரிரு மணி நேரம் விடுங்கள். வெந்த கூழ் மாவைப் பிணைத்துக் குமிழ்களைத் தாங்குவதால்தான் இஞ்செரா உடையாமல் மெத்தென்று வரும். மாவு தோசை மாவைவிட நீர்த்திருக்க வேண்டும்.

மாவு பொங்கும் நேரத்தில் குழம்பை வைத்துவிடலாம். பெரிய வெங்காயம் 3 எடுத்து மிகப் பொடியாக நறுக்கி, எண்ணெயே விடாமல், அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் 15 நிமிடம் வதக்குங்கள். அடிபிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். வெங்காயம் கரைந்து மசிந்தால்தான் குழம்புக்குக் கெட்டித்தன்மை கிடைக்கும் என்பதால், இங்கே நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிறகு கால் கப் எண்ணெயும், மிளகாய், வெந்தயம், ஓமம், ஏலம் முதலியன சேர்த்து அரைத்த பெர்பெரே பொடி 2 மேசைக்கரண்டியும் சேர்த்து, பச்சை வாசனை போய் எண்ணெய் செந்நிறமாகப் பிரியும்வரை கிளறுங்கள். இஞ்சி பூண்டு விழுது, கழுவிய மைசூர் பருப்பு 1 கப், வெந்நீர் 3 கப் ஆகியவற்றைச் சேர்த்து 25 நிமிடம் வேகவிட்டு, இறுதியில் உப்புப் போடுங்கள். விரதம் இல்லாதவர்கள் எண்ணெய்க்குப் பதிலாக, நித்தர் கிப்பே என்னும் மசாலா நெய்யைச் சேர்க்கலாம்.

இஞ்செராவை அங்கே மிதாத் என்னும் அகன்ற கல்லில் சுடுவார்கள். நம் வீட்டுக்கு மூடியுள்ள நான்ஸ்டிக் தவா போதும். சூடான தவாவில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுழற்றி மாவை ஊற்றுங்கள், தேய்க்கக் கூடாது. மேற்பரப்பெங்கும் சிறு துளைகள் திறந்ததும் மூடி, ஓரம் எழும்பும்வரை வேகவிட்டு, திருப்பிப் போடாமல் எடுத்துத் துணியில் ஆறவிடுங்கள். சூட்டோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அகன்ற தட்டில் இஞ்செராவை விரித்து, அதன்மேல் குழம்பை ஊற்றி, வலக்கையால் பிய்த்து அள்ளி உண்ண வேண்டும். இஞ்செரா மிஞ்சினால் துண்டுகளாக்கிக் குழம்பில் பிரட்டுங்கள். ஃபிர்ஃபிர் எனப்படும் அதுவே மறுநாள் காலை உணவு.