சிப்பிக்காளான் பையில் பச்சைப் பூசணம்: நின்றது எப்படி?

வைக்கோல் பையில் காளான் விதை (தானியத்தில் வளர்த்த காளான் இழை) போட்ட ஆறாம் நாளே பச்சைப் பூசணம். விதையை இரண்டு முறை மாற்றியும் தீரவில்லை. கோளாறு ஈரத்திலும் சூட்டிலும்தான் இருந்தது.

இப்போது வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரவு முழுக்க ஊறவைத்து, 70–80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்துகிறேன். மிதக்கும் வைக்கோலுக்குச் சூடு சேராது. மேலே பாரம் வைத்தே ஆகவேண்டும். பிறகு சுத்தமான இடத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனையலாம், நீர் சொட்டக் கூடாது. நான் தவறியது இங்கேதான். பையின் அடியில் தேங்கிய நீர் காற்றோட்டத்தை அடைத்துவிட்டது.

தவிடு சேர்ப்பதையும் நிறுத்தினேன். வெந்நீருக்குத் தப்பிய பூசண வித்துகளுக்கு அதுவே தீனி. மரத்தூளோடு தவிடு கலப்பவர்கள் அழுத்த நீராவியில் 121 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது வைக்க வேண்டும்.

விதை, வைக்கோலின் ஈர எடையில் 5%. ஓரங்களில் சற்றுத் தாராளமாக. பைகளை நெருக்கி அடுக்காதீர்கள். உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் காளான் இழை நலியும், பூசணம் முந்திக்கொள்ளும்.

பச்சை படர்ந்த பையை அறைக்குள் பிரிக்கவே கூடாது, கட்டியபடியே வெளியேற்றுங்கள்.