அமெரிக்கச் சட்டம் படிக்கிறவர்கள் முதல் வருடத்தில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க அரசியலமைப்பில் சேர்த்த திருத்தங்களில் முதல் திருத்தம் பேச்சுரிமை, நான்காவது அத்துமீறிய சோதனையிலிருந்து பாதுகாப்பு, ஐந்தாவது மௌன உரிமை என்று மாணவர்கள் மளமளவென்று ஒப்பிப்பார்கள். சரி, அந்த உரிமை யாருக்கு எதிரானது என்று கேட்டால்தான் தடுமாற்றம் வரும். அரசுக்கு எதிரானது. ஒரு தனியார் கம்பெனி பேஸ்புக் பதிவுக்காக ஊழியரை நீக்கினால் வேறு சட்டங்கள் உதவலாம், ஆனால் முதல் திருத்தம் அங்கே வராது. தனியார் பள்ளிக்கும் இதே கதைதான்.

அரசுப் பள்ளி என்றால் விஷயம் வேறு. 1965 டிசம்பரில் அயோவாவின் டி மொயின் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுச் சிறுமி வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள், சஸ்பெண்ட் செய்தார்கள். 1969-ல் சுப்ரீம் கோர்ட் அவள் பக்கம் நின்றது. இதைப் படித்ததும் பள்ளியில் எதையும் பேசலாம் என்று எழுதிவிடாதீர்கள், பாடம் நடப்பதற்குக் கணிசமான இடைஞ்சல் வரும் என்றால் பள்ளி தடுக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

பை சோதனையிலும் இப்படித்தான் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நியூ ஜெர்சியில் கழிப்பறையில் சிகரெட் பிடித்ததாக 14 வயது மாணவி ஒருத்தி மாட்டினாள், துணை முதல்வர் அவளுடைய கைப்பையைத் திறந்தார், சிகரெட்டுக்கு அடியில் கஞ்சா. நான்காவது திருத்தம் பள்ளிக்கும் பொருந்தும், ஆனால் அங்கே வாரண்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்றது சுப்ரீம் கோர்ட்டின் 1985 தீர்ப்பு. அதற்காக எல்லையே இல்லை என்று அர்த்தமில்லை. வலி மாத்திரை வைத்திருக்கிறாள் என்று 13 வயதுச் சிறுமியை உள்ளாடை வரை சோதித்தது அத்துமீறல் என்று 2009-ல் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கோடு எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

அதிகம் சொதப்புவது மிராண்டா எச்சரிக்கையில், அதாவது நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் சொல்லும் வரிகளில். சினிமா பார்த்துப் பார்த்து, கைது செய்யும்போது போலீஸ் அந்த வரிகளைச் சொல்லாவிட்டால் வழக்கே போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் எச்சரிக்கை கட்டாயம், தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்பதற்கு இல்லை. சொல்லாமல் விசாரித்தால் அந்த வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாக வைக்க முடியாது, மற்ற சாட்சியங்களை வைத்து வழக்கு நடக்கும். இந்த எச்சரிக்கைக்குப் பெயர் தந்த வழக்கின் எர்னஸ்டோ மிராண்டாவுக்கே 1966-ல் தண்டனை ரத்தானது, ஆனால் 1967-ல் அந்த வாக்குமூலம் இல்லாமலே மறுபடியும் தண்டனை கிடைத்தது.

அப்புறம், சும்மா வாய் மூடி உட்கார்ந்தால் மௌன உரிமையைப் பயன்படுத்தியதாக ஆகிவிடாது. மிச்சிகனில் ஒருவர் எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் இரண்டே முக்கால் மணி நேரம் ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. கடைசியில், சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறாயா என்றார் அதிகாரி. "ஆமாம்" என்றார். அந்த ஒரு சொல் சாட்சியமானது, 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றது. பேச விரும்பவில்லை என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இந்தத் தீர்ப்பு உடன்பாடில்லை, ஆனாலும் சட்டம் இன்று இதுதான். காரைச் சோதித்துப் பார்க்கலாமா என்று போலீஸ் கேட்கும்போதும் இதே ஆபத்து உண்டு, மறுக்கலாம் என்பதை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை என்று 1973-லேயே தீர்ப்பாகிவிட்டது.

விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உரிமைகள் இல்லை என்பதும் தவறு. 14-வது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது, குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த சீனர் ஒருவர் 1886-லேயே இதைச் சொல்லி ஜெயித்தார்.

ஆனால் எல்லா வழக்கிலும் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிடியன் என்ற கைதி 1963-ல் வாங்கித் தந்த உரிமை அது, குற்ற வழக்குகளுக்கு உரியது. நாடு கடத்தும் வழக்கு சிவில் வகை. நம் ஊரிலிருந்து படிக்கப் போன பிள்ளை அதில் மாட்டினால் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு பொதுவாக அந்தப் பிள்ளையுடையது.