காற்றறிந்து நாயை அவிழ்த்தல்: ஹெதர் மேடுகளில் பாயிண்டர், செட்டர் களப்போட்டி

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஹெதர் என்னும் குறும்புதர் மூடிக் கிடக்கும் மேட்டு நிலங்களில், ஜூலை மாதப் பின்பகுதியில், பறவையை மோப்பத்தால் கண்டு அசையாமல் நின்று காட்டும் வேட்டைநாய்களான பாயிண்டர், செட்டர் ஆகியவற்றுக்கான களப்போட்டிகள் தொடங்குகின்றன. அங்கே தேடப்படும் பறவை கிரவுஸ். அது நம் கவுதாரியைவிடப் பருத்த, செம்பழுப்பு நிறமுடைய, பெரும்பாலும் ஹெதரின் இளந்தளிரைத் தின்று வாழும் தரைப்பறவை. ஆகஸ்ட் 12 அன்றுதான் அதன் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்கு முன் நடக்கும் இப்போட்டிகளில் பறவை எதுவும் சுடப்படுவதில்லை. பறவை எழும்பும்போது நாயை நடத்துபவர் வெற்றுத் தோட்டாவை மட்டும் வெடிக்கிறார். அந்த ஓசைக்கு நாய் அசையாமல் இருக்கிறதா என்பதே சோதனை.

இந்தப் போட்டி முறை பழையது. 1865 ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷைரிலுள்ள சவுத்ஹில்லில் நடந்த முதல் களப்போட்டியே பாயிண்டர்களுக்கும் செட்டர்களுக்குமானதுதான். பாயிண்டர், இங்கிலீஷ் செட்டர், ஐரிஷ் செட்டர், கார்டன் செட்டர், ஐரிஷ் ரெட் அண்ட் ஒயிட் செட்டர் ஆகியவை ஒரே களத்தில் ஓடுகின்றன. குலுக்கல் முறையில் இரண்டிரண்டாக இணைக்கப்பட்ட நாய்கள் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடப்படும். நடுவர்கள் இருவர் உடன் நடந்து வருவார்கள். ஒரு சோடிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. முதல் சுற்றில் தேறியவை மறுபடி அழைக்கப்படும். குட்டிகளுக்கும் புதியவற்றிற்கும் தேர்ந்தவற்றிற்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. முதன்முறை கலந்துகொள்பவர் கீழ்ப்பிரிவிலேயே தொடங்குவது நல்லது.

நாயை அவிழ்க்கும் முன் செய்ய வேண்டியவற்றில் தலையாயது காற்றை அறிவதாகும். களத்தில் நெல் தூற்றுபவர் முறத்தைத் தூக்குவதற்கு முன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுபோல, நீங்களும் ஒரு பிடி காய்ந்த புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பாருங்கள். உங்கள் முறைக்குக் காத்திருக்கும்போதும், நடுவர் நடக்கச் சொல்லும்போதும், நிலம் சரிந்து திரும்பும் இடத்திலும் மறுபடி பாருங்கள்; ஏனெனில் தாவரங்கள் மட்கிப் படிந்த கரிநிலத்தின் பள்ளங்களுக்குள் காற்று சுழன்று, மேட்டில் வீசியதற்கு எதிர்த்திசையில்கூடத் திரும்பும். தொடக்கக்காரர்கள் நாயையே பார்த்துக்கொண்டிருந்து காற்றை மறந்துவிடுவதுதான் நான் மிகுதியாகக் கண்ட பிழை. இக்கலையில் நாயின் பிழை என்று எண்ணப்படுபவற்றுள் பாதி, காற்றைப் பார்க்காத மனிதரின் பிழையே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காற்று முகத்துக்கு நேரே வீசினால் வேலை எளிது. நாய் உங்களுக்கு முன்னால் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், தறியில் நாடா ஓடுவதுபோல, ஒவ்வொரு முறையும் சற்று முன்னேறி ஓட வேண்டும். ஓட்டத்தின் முடிவில் அது காற்றை நோக்கியே திரும்ப வேண்டும். பின்பக்கமாகத் திரும்பினால், தேடிய நிலத்தையே மறுபடி தேடி நேரத்தை வீணாக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலான தொலைவு மோப்பத்தின் வலிமையைப் பொறுத்தது: ஈரமும் இளங்காற்றும் உள்ள காலையில் அகலமாக விடலாம், வெயில் ஏறி நிலம் காய்ந்தபின் நெருக்கமாகத் தேட வேண்டும். தேடாமல் விட்ட இடத்தில் பறவை இருந்து, பின்னால் வருபவர்களின் காலடியில் அது எழும்பினால், நாய் போட்டியிலிருந்து நீங்க நேரிடும்.

பக்கக் காற்றுதான் தேர்ச்சியைக் காட்டும். காற்று இடப்பக்கத்திலிருந்து வீசுகிறது என்று கொள்வோம். இப்போதும் நாய் காற்றுக்குக் குறுக்காகவே ஓட வேண்டும். எனவே அதன் கோடுகள் இடவலமாக அமையாமல், உங்களுக்கு முன்னே நீண்டு சென்று திரும்பி வருவதாக அமையும். தேடுபரப்பின் வலது ஓரத்தில், அதாவது காற்று போய்ச்சேரும் பக்கத்தில், தொடங்கி இடது ஓரம் நோக்கி அது ஏறிவர வேண்டும். காற்று முதுகுக்குப் பின்னிருந்து வீசினால், நாய் நேராக வெகுதூரம் முன்னே ஓடி, அங்கிருந்து உங்களை நோக்கித் தேடிக்கொண்டே வருவதே சரியான முறை. அப்படி முன்னே ஓடும்போது மோப்பம் எட்டாமல் பறவை கலைந்தால் அது குற்றமாகாது, நாய் உடனே நின்றால் போதும். எதிர்காற்றில் ஓடும்போது பறவையைக் கலைப்பது மட்டும் மன்னிக்கப்படுவதில்லை.

மோப்பம் கிடைத்த நாய் தலையை உயர்த்தி, ஓட்டத்தை இறுக்கி, சிலையாக நிற்கும். அதைச் சுட்டி நிற்றல் என்போம். அவசரப்படாமல், ஆனால் தயங்காமல் அதன் அருகே செல்லுங்கள். நடுவர் சொன்னதும் முன்னேறச் சொல்லுங்கள். இங்கே கிரவுஸின் இயல்பை அறிந்திருக்க வேண்டும்: வயது முதிர்ந்த சேவல் பல சமயம் தரையில் ஓடி விலகப் பார்க்கும், குஞ்சுகளோ ஹெதருக்குள் ஒட்டிப் பதுங்கியிருக்கும். ஆகவே நாய் உறுதியாக, மோப்பத்தைக் கைவிடாமல், உங்களோடு ஒட்டி முன்னேறிப் பறவையை எழுப்ப வேண்டும். உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நாயும், முன்னே அடியெடுத்து வைக்கத் தயங்கும் நாயும் தம் மூக்கை நம்பாதவை. பறவை எழும்பியதும் நாய் நிற்கவோ படுக்கவோ வேண்டும். நீங்கள் வெடியை வெடியுங்கள். அதன்பின் சுற்றியுள்ள நிலத்தை மறுபடி தேடச் செய்யுங்கள், ஏனெனில் கூட்டத்தின் கடைசிப் பறவை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அதை விட்டுவிட்டு நாயைக் கயிற்றில் பிணைத்த பின் அது எழும்பினால், அதுவரை செய்த நல்ல வேலை எல்லாம் பாழாகும்.

துணைநாய் சுட்டி நிற்பதைக் கண்டால் உங்கள் நாயும் நின்றுவிட வேண்டும். மோப்பம் கிடைக்காவிட்டாலும், கண்ணால் கண்டதற்கே மதிப்பளித்து நிற்பது இது. விசிலடித்துப் படுக்க வைத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆயினும் தானாக நிற்கும் நாயின் அழகும் மதிப்பும் வேறு. இதை வீட்டில் பயிற்றுவிக்கும்போது, நிதானமான மூத்த நாயோடு இளையதைக் கூட்டிச் செல்வதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை.

மலைமுயலும் செம்மறியும் தனிச் சோதனைகள். துரத்துவது உடனடியாக நீக்கத்துக்கு உரிய பிழை. எனவே மேட்டுக்கு வரும் முன்பே செம்மறி மேயும் வயலில் கயிற்றோடு நடத்திப் பழக்குங்கள். வசந்தத்தில் நார்ஃபோக்கின் கோதுமை வயல்களில் சோடி சோடியாகத் திரியும் கவுதாரிகள்மேல் நடக்கும் போட்டிகள் இளம் நாய்க்கு நல்ல பள்ளி. அங்கே நிலம் தட்டையாகவும் காற்று சீராகவும் இருப்பதால் பிழையைக் கண்ணால் கண்டு திருத்தலாம்.

நிலத்தையும் படிப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய ஹெதரைப் பகுதி பகுதியாகத் தீயிட்டுப் புதுத் தளிர் விடச் செய்வது அங்குள்ள வழக்கம்; அதனால் குட்டையான ஹெதரும் உயரமான ஹெதரும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். கிரவுஸ் குட்டையில் மேய்ந்து உயரத்தில் ஒளியும். எனவே இரண்டும் சந்திக்கும் ஓரங்களை நாய் விட்டுவிடாதவாறு அதன் ஓட்டத்தை அமையுங்கள். ஆகஸ்ட்டில் ஹெதர் பூக்கும்போது பூந்துகள் மூக்கில் ஏறி மோப்பத்தைக் கெடுக்கும் என்பது நெடுங்கால அனுபவமுடையவர்களின் சொல். அத்தகைய வறண்ட நாளில் நாய்க்கு அடிக்கடி தண்ணீர் காட்டுங்கள்.

விசிலைக் குறைவாகவே ஊதுங்கள். ஓயாமல் ஊதினால் பறவை எச்சரிக்கை அடையும். நாயோ தேடுவதை விட்டு உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். திருப்ப ஒரு ஒலி, நிறுத்த ஒரு ஒலி, இவ்விரண்டே பெரும்பாலும் போதுமானவை. தேடுபரப்பின் நடுவில் ஒரே சீராக நடங்கள். நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தால் நாயின் ஓட்டமும் அந்தப் பக்கமே சாயும்.

ஓட்டம் முடிந்ததும் கயிற்றில் பிணைத்து, விரலிடுக்குகளில் ஹெதர்க் குச்சி கீறியிருக்கிறதா என்று பாருங்கள். காதுமடல், கழுத்து, கக்கம் ஆகிய இடங்களில் உண்ணி ஏறியிருந்தால் அன்று மாலையே எடுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு அழைக்கப்படலாம் என்பதால் வயிறு நிறைய உணவிடாமல் நிழலில் படுக்க வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த சோடிகள் ஓடும் நிலத்தையும், அங்கே காற்று திரும்பும் இடங்களையும் கவனித்து வையுங்கள்.