பாதியில் நிற்கும் ஸ்வெட்டர்கள்: நூல் வாங்கும்போதும் சாயம் போடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னத் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலைகளைக் காட்டி, "எனக்குப் பொறுமை இல்லை" என்று தங்களையே நொந்துகொள்ளும் புதியவர்கள் நிறைய. பையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். முதுகுப்பக்கம் முடிந்திருக்கும், முன்பக்கமும் கழுத்துவரை வந்திருக்கும், கைகளுக்கு நூல் இருக்காது. அல்லது நூல் இருக்கும், நிறம் ஒத்துப்போகாது. கண்ணி நழுவுவது, ஓரம் சுருள்வது, எண்ணிக்கை பிசகுவது எல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை. ஊசியில் முதல் கண்ணி ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்தான் வேலையை ஆண்டுக்கணக்கில் முடக்கிப் போடுகின்றன.

எடையைப் பார்த்து நூல் வாங்குவது

"ஸ்வெட்டருக்கு 600 கிராம் போதும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு, அவர் பின்னிய நூலுக்கு மட்டுமே பொருந்தும். ஊசி அளக்கப்போவது நீளத்தை. ஒரே தடிமன் உள்ள நூல்தான் என்றாலும் கம்பளியை விடப் பருத்தி கனம். 100 கிராம் கம்பளியில் 200 மீட்டர் வந்தால், அதே எடைப் பருத்தியில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். பின்னல் குறிப்பில் கேட்டிருப்பது 1,200 மீட்டர் என்றால், லேபிளில் உள்ள மீட்டரால் வகுத்து, வரும் எண்ணிக்கையை மேல்நோக்கி முழுமையாக்கி, இன்னும் பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டுக்கும் அந்த நூல்தான் செலவாகும். லேபிளில் நிறத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் லாட் நம்பர் (ஒரே தவணையில் சாயம் போட்ட நூல் என்று காட்டும் எண்) எல்லாக் கண்டுகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே லாட் என்று ஆகிவிடாது.

துவைக்காத மாதிரித் துண்டை நம்புவது

10 செ.மீ.க்கு 20 கண்ணி வர வேண்டிய இடத்தில் 22 வந்தால், "இரண்டுதானே" என்று தோன்றும். 100 செ.மீ. சுற்றளவுக்கென்று ஏற்றிய 200 கண்ணி, 22 கணக்கில் 91 செ.மீ.தான் வரும். அந்த ஸ்வெட்டர் உடம்பை இறுக்கிப் பிடிக்கும். மெஷினில் துவைக்க ஏற்றபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி நூலில் நடப்பது நேர் எதிர்: பின்னும்போது அளவாக இருக்கும், நனைந்ததும் தொய்ந்து நீண்டுவிடும். 15 செ.மீ. சதுரம் பின்னி, நனைத்து, காயவைத்து, நடுவில் உள்ள 10 செ.மீ.யில் எண்ணுங்கள். ஓரக் கண்ணிகள் இழுபட்டிருக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நூல் எதனால் ஆனது என்று தெரியாமல் சாயம் வாங்குவது

கம்பளி, பட்டு, நைலான் ஆகியவை அமிலச் சாயத்தைப் பிடிக்கும். வினிகர் அல்லது சிட்ரிக் அமிலமும் சூடும் வேண்டும். பருத்திக்கும் லினனுக்கும் இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயம், சோடா ஆஷ் எனும் காரத்தூள் என்று கணக்கே வேறு. அதற்குக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. பருத்திக்கான சோடா ஆஷைக் கம்பளியில் கொட்டினால் இழை சொரசொரத்து வலுவிழக்கும். அக்ரிலிக் என்ற செயற்கை இழை இந்த இரண்டு சாயத்தையுமே பிடிக்காது. அலசும்போது நிறம் முழுவதும் தண்ணீரோடு போய்விடும்.

லேபிள் தொலைந்திருந்தால் ஒரு விரல்நீள நூலை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, தானே அணைந்து, சாம்பல் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி அல்லது லினன். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. கலப்பு நூலில் இந்தச் சோதனை குழப்பும். அப்போது ஒரு முழத்தை வெட்டித் தனியாகச் சாயம் போட்டுப் பார்ப்பதே வழி.

பாதி நூலுக்குச் சாயம் போட்டுவிட்டுப் பின்னத் தொடங்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் பாழாவது நூல் மட்டுமல்ல, மாதக்கணக்கான கைவேலையும்தான். மூன்று சிட்டத்துக்கு (வளையமாகச் சுற்றிய நூல்) சாயம் போடுவார்கள். நிறம் அருமையாக வந்திருக்கும், கை சும்மா இருக்காது, உடனே கண்ணி ஏற்றிவிடுவார்கள். "மிச்சத்துக்கு அப்புறம் போட்டுக்கலாம், அளவெல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்பார்கள். அளவு எழுதி வைத்திருந்தாலும் அதே நிறம் வராது. ஏன் வராது என்பதற்குக் காரணங்கள் பல.

முதலில் தராசு. சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். அது 2 என்று காட்டும்போது தட்டில் இருப்பது 1.5 கிராமாகவும் இருக்கலாம், 2.5 கிராமாகவும் இருக்கலாம். இரண்டு முறையும் ஒரே எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை வெளிர்நீலம், மறுமுறை அடர்நீலம்.

அடுத்து சூடேறும் வேகம். ஊதா போன்ற கலப்பு நிறங்களில் உள்ள சாயங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நூலில் ஏறுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். அடுப்பை வேகமாக வைத்தாலோ, அமிலத்தை முதலிலேயே ஊற்றிவிட்டாலோ முந்தும் சாயம் வெளிச்சுற்றில் திட்டாக உட்கார்ந்துவிடும். அதோடு தண்ணீரின் கடினத்தன்மையும் நூலின் லாட்டும் மாறியிருக்கும். ரியாக்டிவ் சாயக் கரைசலைக் கலக்கி வைத்துவிட்டால் அறை வெப்பத்தில் சில நாளிலேயே வலு இழக்கும். இலை, பட்டை, வேர் என்று இயற்கைச் சாயத்துக்குப் போனால் வேறுபாடு இன்னும் கூடும். தண்ணீரில் கொஞ்சம் இரும்பு இருந்தாலே நிறம் மங்கிக் கறுத்துவிடும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், இரண்டு சிட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல சமயம் வித்தியாசமே தெரியாது. பின்னிய துணியில்தான் தெரியும்: முழங்கைக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் கோடு போட்டதுபோல ஒரு வரிசை. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தவை பகல் வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும்.

கம்பளிக்கு அமிலச் சாயம் போடும்போது செய்ய வேண்டியது இது. வேலைக்குத் தேவையான மொத்த நூலையும் உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். ஈர நூலின் எடையை நம்பிக் கணக்குப் போட்டால் சாயம் மிதமிஞ்சிப் போகும். 10 கிராம் சாயத்தூளைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். இப்போது தராசின் அரை கிராம் பிசகு ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பிசகும் எல்லாச் சிட்டத்துக்கும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் கரைசலில் 1 மி.லி.க்கு 0.01 கிராம் சாயம். நடுத்தர நிறத்துக்கு நூல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 100 கிராம் நூலுக்கு 100 மி.லி.; 600 கிராமுக்கு 600 மி.லி. வெளிர் நிறத்துக்கு இதில் கால்பங்கு, அடர் நிறத்துக்கு இரண்டு பங்கு. தூளைக் கரைக்கும்போது முகக்கவசம் வேண்டும். அது மூச்சில் போகக்கூடாது.

நூல் தாராளமாக நீந்த வேண்டும் என்பதால் 600 கிராமுக்கு 15 லிட்டர் தண்ணீர் தேவை. அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் பாதி பாதியாகப் போடுகிறார்கள். 5 லிட்டர் பாத்திரம்தான் இருக்கிறதா? 200 கிராம் வீதம் மூன்று தவணையாகப் போடுங்கள். ஆனால் மூன்றும் ஒரே நாளில், ஒரே கரைசலிலிருந்து, சிரிஞ்சில் அளந்து, தவணைக்கு 200 மி.லி. ஊற்றி நடக்கட்டும். தண்ணீரின் அளவும் அமிலத்தின் அளவும் மாறக்கூடாது. நூலை அரை மணிநேரமாவது முன்கூட்டியே ஊறவையுங்கள். வெதுவெதுப்பில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக 85 டிகிரி செல்சியஸ்வரை ஏற்றி, அங்கேயே அரை மணிநேரம் நிறுத்துங்கள். அமிலத்தை, சாயம் நூலெங்கும் பரவியபின் இரண்டு மூன்று பங்காகப் பிரித்து ஊற்றலாம். ஊற்றும்போது நூலை ஒரு பக்கம் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் முழுவதும் ஏறிவிட்டது. சூப்பர்வாஷ் நூல் குறைந்த சூட்டிலேயே வேகமாகச் சாயத்தை இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்னும் நிதானம் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதனால் பின்னும்போது ஒவ்வொரு தவணையிலிருந்தும் ஒரு சிட்டம் எடுத்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நிற வேறுபாடு துணி முழுக்கக் கரைந்துவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு வழி உண்டு. பழைய நூலில் கொஞ்சம் மீதம் இருந்தால், பத்து செ.மீ. உயரத்துக்குப் பழையதும் புதியதும் இரண்டிரண்டு வரிசையாகக் கலந்து பின்னி மாறுங்கள். மீதமே இல்லையென்றால் கை ரிப், கழுத்து ரிப், அடி ரிப் (ஓரத்தில் இழுபடும்படி பின்னும் பட்டை) மூன்றையும் புதிய நிறத்தில் போடுங்கள். வேண்டுமென்றே செய்தது போல அழகாக நிற்கும்.

சிட்டத்தை இறுக்கிக் கட்டுவது

நான்கு இடத்தில், எட்டு வடிவில், விரல் நுழையும் தளர்வோடு கட்டுங்கள். இறுக்கினால் அங்கே சாயம் ஏறாது.

சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த நீருக்கு

சாதாரணக் கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. சூடு, ஈரம், அசைவு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூல் கட்டிதட்டிப் போகும். திடீர் வெப்ப மாற்றம் அதை இன்னும் முடுக்கும். பாத்திரத்திலேயே ஆறவிட்டு, அதே சூட்டுள்ள தண்ணீரில் அலசுங்கள். கிளறவோ முறுக்கவோ வேண்டாம்.

சமையல் பாத்திரத்தில் சாயம்

கூடாது. ஒருமுறை சாயம் காய்ச்சிய பாத்திரம் சமையலுக்குத் திரும்பக்கூடாது.

பிரித்த நூலை அப்படியே மறுபடி பின்னுவது

சுருண்ட நூலில் கண்ணி சமமாக விழாது. சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, இருபது நிமிடம் ஊறவைத்து, கனம் எதுவும் தொங்கவிடாமல் காயவையுங்கள்.

குறிப்பில்லாமல் எடுத்து வைப்பது

ஊசி அளவு, நின்ற வரிசை, லாட் நம்பர், சாயத்தின் மி.லி. கணக்கு நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, இரண்டு முழம் நூலோடு அதே பையில் போடுங்கள். ஊசியை வேறு வேலைக்கு எடுக்கும் அவசரம் வந்தால் கண்ணிகளை வழவழப்பான வேறு நிற நூலில் கோத்துவிடுங்கள்.

மீண்டும் எடுக்கும்போது முதலில் மீந்த நூலை எடை போடுங்கள். 100 கிராமுக்கு 200 மீட்டர் உள்ள நூலில் 85 கிராம் இருந்தால், கையில் இருப்பது 170 மீட்டர். முடிந்த ஒரு கை 95 கிராம் இருந்தால், இரண்டாவது கைக்கு 20 மீட்டர் குறைகிறது. கண்ணி ஏற்றுவதற்கு முன்பே இது தெரிந்துவிட்டால் முதல் கையின் ரிப்பைப் பிரித்து, இரண்டு கைக்கும் வேறு நிறத்தில் ரிப் போடலாம். பிரித்த ரிப்பின் நூலே அந்தக் குறையை ஈடுகட்டப் பெரும்பாலும் போதும்.